இடதுபக்கத் திரை

பிப்ரவரி மூன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை எட்டு மணி நாற்பது நிமிடத்துக்கு, ஸ்கேன் மையத்தின் இரண்டாம் மாடி வாசிப்பறையில், இடதுபக்க மேசைத் திரையின் ரெசல்யூஷன் 2048-க்கு 2560 என்பதிலிருந்து 1536-க்கு 1920 என்று மாற்றப்பட்டது.

எழுத்து பொடியாகத் தெரிகிறது என்பதற்காகத் திரையின் ரெசல்யூஷனைக் குறைத்து வைப்பவர்கள் எல்லா அலுவலகத்திலும் இருக்கிறார்கள். அது தவறு. எழுத்து பெரிதாக வேண்டுமென்றால் எழுத்தின் அளவை மட்டும் கூட்டிக்கொள்ளலாம். அதற்குத் தனியே வழி இருக்கிறது. ஒவ்வொரு திரையிலும் இத்தனை புள்ளிகள் என்று தயாரிக்கும்போதே அமைத்துவிடுகிறார்கள். அதே எண்ணிக்கையில் வைத்தால், புள்ளிக்குப் புள்ளி படம் உட்காரும். குறைத்து வைத்தால் மூன்று புள்ளிக்கான செய்தியை நான்கு புள்ளிகள் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். படம் கெட்டுப்போனதாகத் தெரியாது. சற்று மெழுகிவிட்டாற்போல இருக்கும். கடிதம் அடிப்பவருக்கு இதனால் ஒரு பாதகமும் இல்லை.

எங்கள் வேலை வேறு. பெண்களின் மார்பகங்களை எடுத்த எக்ஸ்ரே படங்களை நாங்கள் திரையில் வைத்து வாசிக்கிறோம். அதில் தேட வேண்டியது சில சமயம் ஒரு கட்டி. பல சமயம் உப்புத்தூளைவிடச் சிறிய வெள்ளைத் துகள்கள், நாலைந்து சேர்ந்து ஒரே இடத்தில். ஒரு படத்தை இரண்டு மருத்துவர்கள் தனித்தனியே பார்ப்பார்கள். இருவரும் ஒன்றும் இல்லை என்றால் அந்தப் பெண்ணுக்கு நல்ல செய்தி எழுதிய கடிதம் போகும். ஒருவர் சந்தேகப்பட்டால் தலைமை மருத்துவர் தீர்ப்பார். ஒருவர் விடுப்பில் இருந்தால் மற்றவர் பார்த்ததே போதும். இதுதான் எங்கள் மையத்து நடைமுறை. விசாரணைக் குழு கேட்டுக்கொண்டபடி நானே என் கையால் இதை எழுதித் தருகிறேன். யாரும் வற்புறுத்தவில்லை. தேநீர்கூடக் கொடுத்தீர்கள்.

வலதுபக்க மேசை என்னுடையது. பதினோரு வருஷம் அதில் உட்கார்ந்திருந்தேன். இடதுபக்க மேசையில் இருந்தவள் என் ஓரகத்தி, அதாவது என் கொழுந்தனின் மனைவி. வீட்டில் எங்களைப் பெரியவள், சின்னவள் என்பார்கள். மையத்தில் பெரிய டாக்டர், சின்ன டாக்டர். அவளை எங்கள் குடும்பத்துக்குக் கொண்டுவந்தவளே நான்தான் என்பதை முதலில் பதிவு செய்துகொள்ளுங்கள். ஒரு பயிற்சி வகுப்பில் பார்த்தேன். அடக்கமான பெண், கொழுந்தனுக்குப் பொருத்தமாக இருப்பாள் என்று மாமியாரிடம் சொன்னேன். கல்யாணம் முடிந்து ஆறு மாதத்தில் வாசிப்பறையில் ஓர் இடம் காலியானபோது, தலைமை மருத்துவரிடம் சிபாரிசு செய்ததும் நான். பொறாமைக்காரி இதையெல்லாம் செய்வாளா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

அவளுக்குக் கண் கூர்மை. அதை நான் மறுத்ததில்லை. சேர்ந்த மூன்றாம் மாதம், மாதாந்திரக் கூட்டத்தில் தலைமை மருத்துவர் ஒரு படத்தைப் பெரிய திரையில் போட்டார். நான் ஒன்றும் இல்லை என்று எழுதிய படம். அவள் அதில் நகக்கண் அளவுக்கு ஒரு வட்டம் போட்டிருந்தாள். ஊசி வைத்துத் திசு எடுத்துப் பார்த்ததில் அவள் சொன்னதே சரி என்று வந்திருந்தது. அவர் சிரித்துக்கொண்டே, "பெரிய டாக்டர், உங்க வீட்டுல ஒரு பூதக்கண்ணாடி வச்சிருக்கீங்க, சொல்லவே இல்லையே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றிலிருந்து அவள் பெயர் பூதக்கண்ணாடி.

அதற்குப் பிறகு நடந்தவை எல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள். சொன்னால் எனக்கே அற்பமாக இருக்கிறது. படம் எடுக்கும் பெண், நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த தாளை வாங்கிக்கொண்டு, "சின்ன டாக்டர் பாத்துட்டாங்களா மேடம்?" என்று கேட்கத் தொடங்கினாள். நடைமுறைப்படி கேட்க வேண்டிய கேள்விதான். பத்து வருஷமாக அந்த இடத்தில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார்; அப்போது அவள் ஒருமுறைகூட அப்படிக் கேட்டதில்லை. வீட்டில் என் மாமியார் ஊசியும் நூலுமாக வந்து நிற்பார். நான் கையை நீட்டுவேன். "நீ இரு பெரியவளே, உனக்கெதுக்குச் சிரமம், சின்னவ ஒரு நொடியில கோத்துடுவா" என்று என்னைத் தாண்டிப் போவார். ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் என் கணவர் விளையாட்டாக, "உன் கண்ணுக்கு வயசாயிடுச்சுன்னு ஒத்துக்கோயேன்" என்றார். எனக்கு அப்போது நாற்பத்து மூன்று. சின்னவள் உடனே, "அத்தான், அக்கா சொல்லிக் கொடுத்ததுதான் எனக்குத் தெரிஞ்சதே" என்றாள். அதையும் எல்லோரும் மெச்சினார்கள். எவ்வளவு பணிவு பார் என்று.

அந்தப் பிப்ரவரிக்கு முந்தின டிசம்பரில் மையத்துக்குப் புதுத் திரைகள் வாங்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. எந்த அளவுத் திரை, எத்தனை புள்ளி, எவ்வளவு வெளிச்சம் என்று நான்கு பக்கக் குறிப்பு எழுதினேன். ரெசல்யூஷனைத் தவறாக வைத்தால் என்ன ஆகும் என்பதும் அதில் இருக்கிறது: சிறிய துகள்கள் சுற்றியுள்ள திசுவோடு கலந்து மறையும்; சில இடங்களில் ஒரு துகள் இரண்டாகப் பிரிந்து, இல்லாத புள்ளியும் இருப்பதுபோலத் தோன்றும். நல்ல குறிப்பு. தலைமை மருத்துவர் பிரதி எடுத்து மற்ற மையங்களுக்கும் அனுப்பினார். அதன் மூன்றாம் பக்கத்தைத்தான் நீங்கள் நேற்று என் முன்னால் எடுத்து வைத்தீர்கள்.

திரைகள் வந்த வாரம் சின்னவள் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். படம் அருமையாக இருக்கிறது, ஆனால் பெயர், தேதி, மெனு எல்லாம் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது என்றாள். "அக்கா, எழுத்த மட்டும் கொஞ்சம் பெருசாக்க முடியுமா? ஒங்களுக்குத்தான் இதெல்லாம் தெரியும்." அமைப்புகளை மாற்றுவதற்கான கடவுச்சொல் என்னிடம் மட்டும் இருந்தது. மறுநாள் காலை அவள் வருவதற்கு முன் மாற்றி வைத்தேன். அவள் வந்து உட்கார்ந்து, எழுத்து பெரிதாகிவிட்டதைப் பார்த்து, என் தோளைத் தொட்டு நன்றி சொன்னாள். கேட்டது அவள். செய்துகொடுத்தது நான். இரண்டு வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன் என்பதைத் தவிர இதில் வேறு ஒன்றும் இல்லை.

தினமும் காலையில் வாசிக்கத் தொடங்கும் முன் ஒவ்வொரு திரையிலும் ஒரு சோதனைப் படத்தைப் போட்டுப் பார்க்க வேண்டும். மயிரிழைபோல நெருக்கமான கோடுகள் இருக்கும். கோடுகள் தனித்தனியே தெரிந்தால் திரை சரி. ஒன்றோடொன்று ஒட்டினால் திரை தவறு. அவரவர் தம் திரையைப் பார்த்து நோட்டில் கையெழுத்திட வேண்டும் என்பது விதி. வந்த புதிதில் சின்னவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். பிறகு எனக்குச் சீக்கிரம் வரும் பழக்கம் இருந்ததால் இரண்டையும் நானே பார்த்து எழுதி வைப்பேன். அவள் கீழே கையெழுத்துப் போடுவாள். ஒருநாள் படம் எடுக்கும் பெண், நீங்கள் பார்க்கவில்லையா என்று அவளிடம் கேட்டாளாம். "அக்கா பாத்தத நான் திரும்பப் பாக்கறதா? நல்லா இருக்குமா?" என்று சொன்னாளாம். வீட்டு மரியாதையை வேலைக்குக் கொண்டுவரக்கூடாது. அவள் செய்த ஒரே தவறு அதுதான். ஆனாலும் அது தவறுதான்.

திரையை மாற்றிய முதல் வாரத்தில் மூன்று படங்களில் அவள் விட்டதை நான் பிடித்தேன். அந்த மூன்று பெண்களும் நேரத்துக்குச் சிகிச்சைக்குப் போனார்கள். இதை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். யாருக்கும் கெடுதல் வரக்கூடாது என்பதில் நான் கவனமாக இருந்தேன். முன்பைவிடப் பொறுமையாக, ஒவ்வொரு படத்தையும் இரண்டு தடவை பார்த்தேன். என் வேலை இந்தப் பதினோரு வருஷத்தில் அவ்வளவு நன்றாக இருந்ததே இல்லை. கண்ணுக்கு வயசாகிவிட்டது என்றவர்கள் வந்து பார்த்திருக்க வேண்டும்.

எதிர்பார்த்தது மட்டும் நடக்கவில்லை. கூட்டத்தில் அவள் விட்ட படங்களைப் போட்டபோது தலைமை மருத்துவர் நிதானமாக, "இதுக்குத்தான் ரெண்டு பேர் பாக்கறோம். ஒருத்தர் விட்டா ஒருத்தர் பிடிக்கணும். நல்ல ஜோடி" என்று முடித்துவிட்டார். நான் விட்டபோது சிரித்தவர்கள் அவள் விட்டபோது சிரிக்கவில்லை. வீட்டில் நிலைமை இன்னும் விநோதம். அவள் முகம் வாடியிருப்பதைப் பார்த்து மாமியார் சமையலறை வேலையிலிருந்து அவளை விடுவித்தார். "பாவம், ரொம்ப உழைக்குது" என்றார். அவள் பங்கு வேலை யாருக்கு வந்திருக்கும் என்பதை எழுத வேண்டியதில்லை.

மார்ச் மாதம் சின்னவள் கண் மருத்துவரிடம் போனாள். துணைக்கு நான் போனேன். கடைசி வரி எழுத்துகளைத் தடுமாறாமல் படித்தாள். கண்ணில் ஒரு குறையும் இல்லை என்றார் அவர். வெளியே வந்து படிக்கட்டில் நின்றபடி, "கண்ணு நல்லா இருக்காம் அக்கா. அப்ப மூளையிலதான் ஏதோ" என்றாள். திரை தவறாக இருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அடுத்த வாரம் எங்கள் மையத்திலேயே தலையை ஸ்கேன் எடுத்துக்கொண்டாள். நான்தான் பார்க்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். ஒரு மணி நேரம் செலவழித்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை என்றே எழுதினேன். இல்லாததை எழுதி அவளைப் பயமுறுத்தியிருக்க முடியும், செய்யவில்லை. தொழிலில் நான் எப்படிப்பட்டவள் என்பதற்கு இதைச் சொல்கிறேன்.

நான் பிடித்துக்கொண்டே இருக்கும்வரை அவள் விடுவது யார் கண்ணிலும் படாது என்பது எனக்கு அப்போது புரிந்தது. என் திறமைதான் அவளைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. ஏப்ரல் பதினாறாம் தேதி, வியாழக்கிழமை, தையல்காரம்மா வந்தார்.

எங்கள் வாசிப்பறை ஜன்னல்களுக்குக் கறுப்புத் திரைச்சீலை தைத்துக் கொடுத்தவர் அவர். துளி வெளிச்சம் உள்ளே வராது. வருஷா வருஷம் அதே மாதத்தில் படம் எடுக்க வருவார். வாய் ஓயாது. அன்றைக்கும் படம் எடுக்கும் பெண்ணிடம், "என் மெஷினாவது துணியத்தான்டி அமுக்கும், ஒன்னோடது ஆளையே அமுக்குதே" என்று சொல்லிக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது. என்னைப் பார்த்ததும், "டாக்டரம்மா, அந்தச் சீலையெல்லாம் நல்லா இருக்கா? ஓரம் பிரிஞ்சா சொல்லுங்க, வந்து அடிச்சுத் தர்றேன்" என்றார். நன்றாக இருக்கிறது என்றேன்.

அவர் உடை மாற்றப் போனபோது, என் திரைக்கு வந்த படத்தைத் திறந்தேன். இடது மார்பில், மேல்புறம், ஐந்து துகள்கள். போன வருஷத்துப் படத்தில் அவை இல்லை. நான் திறந்ததைக் கணினி பதிவு செய்துகொள்ளும் முன் மூடினேன். பிறகு தலைமை மருத்துவரிடம் போய்த் தலை வலிக்கிறது என்று அரை நாள் விடுப்புக் கேட்டேன். அவர் பரிவோடு, "போங்க போங்க, பூதக்கண்ணாடி இருக்கே" என்றார். உண்மையாகவே தலை வலித்தது. வீட்டுக்குப் போய் ஜன்னலைச் சாத்திவிட்டுப் படுத்தேன். சின்னவள் தனியாக அந்தப் படத்தை வாசித்து, ஒன்றும் இல்லை என்று எழுதினாள். கடிதம் போயிற்று.

என் கணக்கு இப்படி இருந்தது. அடுத்த ஏப்ரலில் அவர் மறுபடியும் வருவார். நான் பிடிப்பேன். இரண்டு வருஷத்துப் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கூட்டத்தில் காட்டுவேன். அந்த மாதிரித் துகள்கள் பெரும்பாலும் மெதுவாகத்தான் மாறும். ஒரு வருஷத்தில் அந்த அம்மாவுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது. இது என் சொந்தக் கருத்து இல்லை. பல கட்டுரைகளில் இருக்கிறது. 'பெரும்பாலும்' என்ற சொல்லும் அவற்றில் இருக்கிறது.

அவர் ஏப்ரல்வரை காத்திருக்கவில்லை. நவம்பர் பன்னிரண்டாம் தேதி, அக்குளில் நெல்லிக்காய் அளவுக் கட்டியோடு வந்தார். அன்றைக்கு அதிகம் பேசவில்லை. அடுத்த நாள் கூட்டத்தில் ஏப்ரல் மாதத்துப் படத்தைப் பெரிய திரையில் போட்டார்கள். அந்தத் திரையின் ரெசல்யூஷன் சரியாக இருந்தது. ஐந்து துகள்களும் கதவருகே நின்ற படம் எடுக்கும் பெண்ணுக்கே தெரிந்தன. சின்னவள் எழுந்து திரையின் பக்கத்தில் போய் நின்றாள். விரலால் தொட்டுப் பார்த்தாள். "நான் பாத்தப்ப இது இல்ல" என்றாள். பிறகு அவளே, "இல்ல, இருந்திருக்கு. எனக்குத் தெரியல" என்றாள். தலைமை மருத்துவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அந்த மௌனத்துக்காகத்தான் நான் ஒன்பது மாதம் காத்திருந்தேன் என்று நீங்கள் நேற்றுச் சொன்னீர்கள். நான் மறுக்கவில்லை. ஆனால் அப்போது எனக்குச் சந்தோஷமாக இல்லை. கூட்டம் முடிந்ததும் இரண்டு பேர் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒருவரும் என்னிடம் வந்து, நீங்கள் இருந்திருந்தால் இது நடந்திருக்காது என்று சொல்லவில்லை.

மாலையில் அவள் ராஜினாமாக் கடிதம் கொடுத்தாள். வீட்டில் மாமியார் காலடியில் உட்கார்ந்து, இனி ஊசிகூடக் கோக்க மாட்டேன் என்று அழுதாள். மாமியார் அவள் தலையைத் தடவிக்கொண்டே என்னைப் பார்த்து, "நீயாவது கூட இருந்து பாத்துருக்கக்கூடாதா பெரியவளே" என்றார். அதுவும் என்மேல்தான் வந்தது.

நவம்பர் பதினாறாம் தேதி காலை இடதுபக்கத் திரையைப் பழைய அளவுக்கு மாற்றினேன். புதிதாக வருபவருக்குக் குறை இருக்கக்கூடாது என்பதற்காக. திரை தன்னுள் நடந்த மாற்றங்களையெல்லாம் நாளும் நேரமும் போட்டுத் தானே குறித்துவைக்கும் என்பது என் நான்கு பக்கக் குறிப்பில் இல்லாத ஒரே விஷயம். பராமரிப்புக்கு வந்தவர் அந்தப் பதிவை அச்செடுத்து, இரண்டு தேதிகளுக்கும் கீழே கோடு போட்டுத் தலைமை மருத்துவரிடம் கொடுத்தார். சோதனை நோட்டில் அந்த ஒன்பது மாதமும், இடதுபக்கத் திரை, கோடுகள் தெளிவு என்று என் கையெழுத்தில் இருந்தது.

முதல் நாள் விசாரணையில் தையல்காரம்மா ஒருவர்தான் என்று சொன்னேன். விடுப்புப் பதிவேட்டில் அந்த ஒன்பது மாதத்தில் நான்கு அரை நாள் இருக்கிறது. நான்கும் தலைவலி. நான்கு தடவையும் அதற்கு முன் ஒரு படத்தைத் திறந்து பார்த்திருக்கிறேன். ஒருவரை மட்டும் நம்பியிருக்க முடியாது. நோயாளிகள் ஊர் மாறிப் போய்விடுவார்கள், வேறு இடத்தில் படம் எடுப்பார்கள். மற்ற மூன்று பெண்களின் பதிவு எண்களையும் தனித்தாளில் எழுதி இணைத்திருக்கிறேன். அவர்களுக்குச் சொல்லி அனுப்ப இன்னும் நேரம் இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன்.

சின்னவள் டிசம்பரில் வேலைக்குத் திரும்பிவிட்டாள் என்று சொன்னார்கள். அவளை வலதுபக்க மேசையில் உட்கார வைத்திருக்கிறார்களாம். அது என் மேசை என்பதை யாராவது அவளிடம் சொல்லியிருக்கலாம். அந்த ஒன்பது மாதமும் தான் மட்டும் தனியாகப் பார்த்த படங்களை, இருநூற்றுப் பதினான்கையும், அவளே கேட்டு வாங்கி மறுபடியும் வாசித்துக்கொண்டிருக்கிறாளாம். இப்போது தினமும் சோதனைப் படத்தைத் தானே போட்டுப் பார்க்கிறாள் என்றும் சொன்னார்கள்.

தையல்காரம்மாவின் நோய் எலும்புக்குப் பரவிவிட்டது. ஜனவரி பதினெட்டாம் தேதி எடுத்த எலும்பு ஸ்கேனை நேற்று நீங்கள் எனக்குக் காட்டினீர்கள். என் செய்கையின் விளைவை நான் பார்க்க வேண்டும் என்றீர்கள். பார்த்தேன். நோய் இருக்கும் இடங்கள் கறுத்த புள்ளிகளாகத் தெரியும். அறிக்கை எழுதியவள் சின்னவள். பதினொரு இடம் என்று எழுதியிருக்கிறாள். உங்கள் அலுவலகத் திரையில் ரெசல்யூஷனைக் குறைத்து வைத்திருக்கிறீர்கள். எழுத்தெல்லாம் பெரிது பெரிதாக இருந்தது. அதில்கூட நான் பொறுமையாக இரண்டு தடவை எண்ணினேன்.

பன்னிரண்டு. அவள் ஒன்றை விட்டிருக்கிறாள். இதைத் தலைமை மருத்துவருக்குத் தெரிவிக்கவும்.